பூஜ்ஜியம் மில்லிமீட்டர்

“வலிக்குமா?” என்று கேட்டவர் என் கணவர். ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவள் நான்.

“எறும்பு கடிச்ச மாதிரிதானுங்க. அப்புறம் நாலஞ்சு நாள் வீங்கி அரிச்சுட்டே இருக்கும்.”

“அரிச்சா அரிக்கட்டும். போட்டுக்க அம்மிணி. வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு அறுபது பேரு வர்றாங்க. யாரு எந்தக் காய்ச்சலோட வர்றாங்கன்னு நெத்தியிலயா எழுதியிருக்கும்?”

“மனுசங்களுக்குப் போட ஆரம்பிச்சே நாலு மாசந்தான் ஆகுது. மாசமா இருக்கறவங்க யாருக்கும் இன்னும் போடல.”

“நீ பண்ணுனதுதான? நீயே பயந்தா ஊரு எப்படிப் போட்டுக்கும்?”

அவர் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“சரி, அதுல அப்படி என்னதான் இருக்குது? பம்பு கம்பெனிக்காரனுக்குப் புரியற மாதிரி சொல்லு பாக்கலாம்.”

“தடுப்பூசிங்கறது காய்ச்சலோட போட்டோவை உடம்புக்குக் காட்டறது. ‘இவன்தான் திருடன், பாத்து வெச்சுக்க’ன்னு. சில உடம்பு போட்டோவைப் பாத்துட்டு ரெண்டு மாசத்துல மறந்துரும். எங்க இழை என்ன பண்ணும்னா, பக்கத்துல நின்னு மணி அடிக்கும். இருபது எழுத்து நீளத்துல நாங்களே கோத்த டிஎன்ஏ. கிருமிங்ககிட்ட மட்டும் அதிகமா இருக்கற ஒரு எழுத்து வரிசை அதுல திரும்பத் திரும்ப வரும். அதைக் கண்டாலே உடம்பு எந்திரிச்சு உக்காந்துக்கும். அந்த நேரத்துல கண்ணு முன்னாடி எந்தப் போட்டோ இருக்குதோ, அதை லேசுல மறக்காது.”

“மணி எப்ப நிக்கும்?”

“சாதாரண டிஎன்ஏன்னா உடம்பு கத்தரிச்சுத் தின்னு முடிச்சுரும். அதனால ஆக்சிஜன் இருக்கற எடத்துல நான் கந்தகத்தை மாட்டி வெச்சிருக்கேன். கத்தரி சீக்கிரம் ஓடாது. மூணு நாள் இருக்கும்.”

“எலிக்கா, மனுசனுக்கா?”

“எலிக்கு.”

“மனுசனுக்கு?”

“கிட்டத்தட்ட அதேதான் இருக்கணும்.”

“கிட்டத்தட்டன்னு எழுதிக் குடுத்தா எங்க கம்பெனியில அப்படியே திருப்பி அனுப்பிருவோம்” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “இருந்தாலும் போட்டுக்க” என்றார்.

திங்கட்கிழமை போட்டுக்கொண்டேன். மூன்று நாள் கழித்து ஒரு நாள் கூடுதலாகவும் விட்டு, வெள்ளிக்கிழமை வளைகாப்பு.

என் பெயர் பைரவி. கோவைக்கு வெளியே இருக்கும் ஒரு தடுப்பூசி ஆய்வு நிலையத்தில் செயற்கை டிஎன்ஏ இழைகளை வடிவமைக்கும் வேலை. என் கணவர் செந்தூரன் மோட்டார் பம்பு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறார். அந்த வருடம் மூணுநாள் காய்ச்சல் என்று ஜனங்கள் பெயர் வைத்த நோய் மாநிலம் முழுக்கப் பரவியிருந்தது. முதல் நாள் காய்ச்சல், இரண்டாம் நாள் மூச்சுத் திணறல், மூன்றாம் நாள் முடிவு. அப்போதிருந்த தடுப்பூசி பாதிப் பேருக்குத்தான் பிடித்தது. என் இழையைச் சேர்த்த பிறகு நூற்றில் தொண்ணூற்றெட்டு பேருக்குப் பிடித்தது. அதை நினைத்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெருமை எப்படி இருந்தது என்று இப்போது எனக்கு நினைவில்லை.

வளைகாப்பில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் இரண்டு கைகளிலும் சந்தனம் பூசினார்கள். என் அம்மா, தங்கை, பெரியம்மா, மூன்று சித்திகள். என் மாமியார் சமையலறையில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தவர், ஓடிவந்து ஒரே விரலால் பொட்டு மாதிரி வைத்துவிட்டுத் திரும்ப ஓடினார். கடைசியில் யாரோ, “மாப்பிள்ளையும் பூசட்டும்” என்று அவரைத் தள்ளிவிட்டார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தார். ஊசி போட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. நான் அதைச் சொறிந்து புண்ணாக்கியிருந்தேன்.

“இங்க கொஞ்சம் சேத்திப் பூசறேன். சந்தனம் குளிர்ச்சி” என்றார். உள்ளங்கையால் வட்டமாக, மெதுவாக, நெடுநேரம் தேய்த்தார். எல்லோரும் கேலி செய்தார்கள்.

மனித உடம்பில் என் இழை மூன்று நாளில் கரையவில்லை. மூன்று வாரம் இருந்தது. அத்தனை நாளும் அது மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் உடம்பின் கண் முன்னால் காய்ச்சலின் போட்டோ இருந்தது. அதன் பக்கத்தில், கீறிய தோல் வழியாக, என்னைத் தொட்டவர்களின் தோலும் இருந்தது. உடம்பு இரண்டையும் திருடன் என்று எழுதிக்கொண்டது.

வளைகாப்பு முடிந்த பத்தாம் நாள், நாற்காலியிலிருந்து எழ அவர் கை கொடுத்தார். கால் மணி நேரத்தில் என் முழங்கையில் அவருடைய ஐந்து விரல்களும் சிவப்பாக எழும்பி நின்றன. அடுத்த வாரம் அம்மா தலை பின்னிவிட்டபோது கழுத்து வீங்கியது. அதற்கடுத்த வாரம் அவர் என் நெற்றியில் முத்தமிட்டார். தொண்டை அடைத்து, ஆம்புலன்சில் போனேன். எங்கள் மகள் மகதி பிறந்தபோது அவர் மருத்துவமனையின் எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார்.

விரல்கள் பதிந்த கையின் புகைப்படத்தை எங்கள் நிலைய இயக்குநரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எத்தனை பேர்ல ஒருத்தருக்கு இப்படி ஆகும்?”

“சரியாத் தெரியல சார். நாப்பதாயிரத்துல ஒருத்தருக்கு இருக்கலாம்.”

“நேத்து ஒரு நாள்ல மட்டும் காய்ச்சல்ல போனவங்க முந்நூத்திப் பன்னெண்டு பேரு, பைரவி. நீங்களே சொல்லுங்க. நிறுத்திடலாமா?”

நிறுத்தலாம் என்று நான் சொல்லவில்லை. இழையை மாற்றிச் செய்து சோதிக்க எட்டு மாதம் ஆகும். எட்டு மாதத்தை முந்நூற்றுப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தேன். ஊசியைத் தொடரலாம் என்று கையெழுத்திட்ட ஐந்து பேரில் நானும் ஒருத்தி. ஊசியோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தோம்: இருபத்தொரு நாள் ஊசி போட்ட கையை வேறு யாரும் தொட வேண்டாம்.

யாரும் கேட்கவில்லை. அம்மாக்கள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். மனைவிகள் தேங்காய் எண்ணெய் தடவினார்கள். அப்பாக்கள் அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்து ஊதினார்கள். அன்பில்லாத வீடுகளில் ஒரு பிரச்சினையும் வரவில்லை. காய்ச்சல் ஐந்து மாதத்தில் அடங்கியது. மாநிலத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் தங்கள் வீட்டு மனிதர்களைத் தொட முடியாதவர்களாக ஆனார்கள்.

இப்போது ஏழு வருடம் ஆகிறது. நான் மாடியில் இருக்கிறேன். வெளிப்பக்கமாகத் தனிப் படிக்கட்டு. கீழே அவரும் மாமியாரும். மகதி திங்கள் முதல் வெள்ளி வரை கீழே, சனி ஞாயிறு என்னோடு. அவள் என் வயிற்றில் இருந்தவள். அவள் தொட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அவள்மேல் அவர் இருப்பார். அதனால் சனிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, படிக்கட்டுக் கீழே உள்ள குளியலறையில் உடை மாற்றி, மாடியில் தனியாக வைத்திருக்கும் துணிகளைப் போட்டுக்கொண்டு வருவாள். நாலு வயதிலேயே தானாகச் செய்யப் பழகிவிட்டாள். அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி, “எங்க வீட்ல அம்மா அப்பா ஒரே ரூம்ல தூங்குவாங்க” என்றாளாம். “நெசமாவா?” என்று இவள் கேட்டாளாம். அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

வீட்டுப் பெரியவர்களில் என்னைத் தொடக்கூடியவர் என் மாமியார் தனபாக்கியம் மட்டும்தான். முதல் வருடச் சோதனையிலேயே அது தெரிந்துவிட்டது. சோதனை எளிமையானது. வீட்டில் ஒவ்வொருவர் தோலிலிருந்தும் சுரண்டி எடுத்ததைத் திரவமாக்கி, முன்னங்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்த வேண்டும். இருபது நிமிடம் கழித்து வீக்கத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். என் கணவருக்குப் பதினாறு மில்லிமீட்டர். அம்மாவுக்குப் பதினொன்று. தங்கைக்கு ஆறு. அத்தைக்குப் பூஜ்ஜியம்.

அதைக் கேட்டு அத்தை மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

“எல்லாத்தோட கையும் உம்பட உடம்புக்குத் தெரியுது. எங்கை மட்டும் தெரியலயாமா?”

“நீங்க ஒரு விரல்தான் வெச்சீங்க அத்தை. பாயசம் அடி புடிக்குதுன்னு ஓடிட்டீங்க.”

“ஆமா, பாயசத்தைக் கிண்டுனது யாருக்காம்?” என்றார். பிறகு ஒருநாள் வெந்தயம் ஊற வைத்த எண்ணெயோடு மாடிக்கு வந்து, எதுவும் பேசாமல் என் தலையை இழுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். ஏழு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும், மகதியைப் போலவே குளித்து உடை மாற்றி வந்து தேய்க்கிறார். எனக்குச் சமைப்பதும் அவர்தான்.

அப்படி நினைத்தது அத்தை மட்டுமல்ல. ஊரே அந்தச் சோதனையைப் பாசத்தை அளக்கிற கருவியாக எடுத்துக்கொண்டது. நிலையத்தில் இப்போது என் முக்கிய வேலை, இப்படி ஆனவர்களுக்குச் சோதனை செய்வதும் தொலைபேசியில் பதில் சொல்வதும். மாமனார் ஏழு, மாமியார் நாலு என்று வீடுகளில் சண்டை நடக்கிறது. இரண்டு தம்பிகளில் ஒருவனுக்கு மட்டும் வீங்கியதால் சொத்துப் பேச்சே நின்றுபோன குடும்பம் உண்டு. பவானியிலிருந்து ஒருவர் வாரம் ஒருமுறை கூப்பிடுவார்.

“மேடம், எம்பட சம்சாரத்துக்கு ஆபீஸ்ல ஒருத்தர் ஃபைலைக் குடுத்தாராமுங்க. கை வீங்கிருச்சு. அந்தாளு எப்பங்க இவளைத் தொட்டான்?”

“பஸ்ல பக்கத்துல நின்னிருக்கலாம் சார். கூட்டத்துல கை பட்டிருக்கலாம்.”

“பஸ்ல பட்டாலும் வீங்குங்களா?”

“வீங்கும்.”

“இதையேதானுங்க போன வாரமும் சொன்னீங்க.”

“இதுதாங்க உண்மை. இது பாசத்தை அளக்கறது இல்ல. அந்த மூணு வாரத்துல எந்தத் தோல் பட்டுதுங்கறது மட்டும்தான்.”

இந்த வாக்கியத்தை ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்கிறேன். சொல்லும்போது என் மனம் வேறெங்கோ இருக்கும். மதியம் மறதி இழை வேலை. உடம்பை அமைதிப்படுத்துகிற எழுத்து வரிசையைக் கோத்து, எழுதியதை அழிக்கப் பார்க்கிறேன். ஆறு வருடத்தில் பதினோரு வடிவங்கள். பதினொன்றும் எலிகளை மறக்க வைத்தன; காய்ச்சலையும் சேர்த்து மறக்க வைத்தன. பன்னிரண்டாவதை ஆரம்பித்திருக்கிறேன். நம்பிக்கை இருக்கிறதா என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால் இருக்கிறது என்று சொல்வேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் கீழே இருந்து போன் செய்வார். மகதியின் வீட்டுப்பாடம், தண்ணீர் லாரி, கரண்ட் பில். நாங்கள் சண்டை போட்டதே இல்லை. நான் அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. “பைரவி மாதிரி வருமா? வேறொருத்தியா இருந்தா ‘உன்னாலதான்’னு கரிச்சுக் கொட்டியிருப்பா” என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நானும் தலையாட்டுவேன். கரித்துக் கொட்ட எனக்குள் ஒன்றும் இல்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல என்னையே சில சமயம் கிள்ளிப் பார்த்திருக்கிறேன்.

பேச்சு முடிகிற நேரத்தில் பல நாள் அவர், “பைரவி, ஒண்ணு கேக்கணும்” என்பார். “கேளுங்க” என்பேன். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்கும். “ஒண்ணுமில்ல. சாப்புட்டயா?” என்று வைத்துவிடுவார்.

என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெருந்துறையில் அத்தையின் உறவில் ஒரு பெண் இருந்தாள். “எத்தனை நாளைக்குத்தான் பையன் ஒத்தையில கெடப்பான்?” என்று யாரோ கேட்டது மாடி வரை காதில் விழுந்தது. மூன்று வருடத்துக்கு முன் நானே அவரிடம் போனில் சொன்னேன்.

“நீங்க வேற கல்யாணம் பண்ணிக்கறதா இருந்தாலும் நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேனுங்க.”

அவர், “அம்மா இன்னிக்கு ரசத்துல உப்புப் போட்டாங்களா?” என்று கேட்டார். போட்டிருந்தார்கள் என்று சொன்னேன்.

இந்த வருடச் சோதனை போன மாதம் நடந்தது. ஜெசிந்தாதான் செய்தாள். அவள் எங்கள் ஆய்வகத்தில் பதினைந்து வருடமாக டெக்னீசியன். என்னைவிட வயதில் மூத்தவள். சொட்டு வைத்து, குத்தி, மணி பார்த்து, ஸ்கேலை எடுத்தாள்.

“அம்மா பத்து. தங்கச்சி ரெண்டு. மாமியார் வழக்கம்போல ஒண்ணும் இல்ல, பாவம்” என்றாள். பிறகு ஸ்கேலைக் கீழே வைத்தாள்.

“சார் எவ்வளவு?”

“மேடம், சாரோட சாம்பிள் மாறியிருக்கும்னு நெனைக்கறேன்.”

அவர் பெயர் எழுதிய இடத்தில் குத்திய புள்ளி மட்டும் இருந்தது. போன வருடம் அங்கே ஐந்து மில்லிமீட்டர். அதற்கு முந்தைய வருடம் எட்டு. வருடா வருடம் குறைந்ததைக் குறித்துத்தான் வந்தேன். அம்மாவின் எண் குறையாததால் அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில், கட்டாயம் வீங்க வேண்டிய ஒப்பீட்டுச் சொட்டு ஏழு மில்லிமீட்டர் வீங்கியிருந்தது. ஆகவே தோலில் கோளாறு இல்லை.

அன்று மாலை அவரிடம் மறுபடி சாம்பிள் கேட்டேன்.

“எதுக்கு? போன வாரந்தான குடுத்தேன்.”

“கொஞ்சம் கம்மியா இருந்துச்சு.”

அவர் கையுறை போட்டு, குப்பியை மூன்று உறைகளில் சுற்றி, நிலையத்தின் வண்டியில் கொடுத்து அனுப்பினார். மறுபடியும் பூஜ்ஜியம். அடுத்த வாரம் ஜெசிந்தாவே வீட்டுக்குப் போய் அவர் கையிலிருந்து சுரண்டி எடுத்து வந்தாள். பூஜ்ஜியம்.

“கர்த்தருக்குத் தோத்திரம்” என்று ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்ன மேடம், கல்லு மாதிரி நிக்கறீங்க? போய்ச் சொல்லுங்க!”

நான் போய்ச் சொல்லவில்லை. பதினோரு நாள் சொல்லவில்லை. இது பாசத்தை அளக்கறது இல்ல என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள், பூஜ்ஜியத்தைப் பார்த்ததும் முதலில் நினைத்தது, எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான். அம்மா இன்னும் பத்து. அவர் இல்லை. என் உடம்பில் அவருக்கென்று மிச்சமிருந்தது அந்த வெறுப்பு ஒன்றுதான், அதுவும் போய்விட்டது. அப்படித்தான் தோன்றியது. அழுகை வரவில்லை. வழக்கம்போல ஆறு மணிக்குப் போன் வந்தது. தண்ணீர் லாரி வந்ததாகச் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. பொள்ளாச்சியிலிருந்து அம்மா வந்திருந்தாள். மாதம் ஒருமுறை வந்து, எனக்கு எதிரே பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். இம்முறை நான் நேராகக் கேட்டேன்.

“அம்மா, நீ என்னைத் தொடறயா?”

“நான் எதுக்குடி தொடறேன்?”

“ஏழு வருசம் தொடாம இருந்தா உடம்பு மறந்திருக்கணும். உனக்கு மட்டும் கொறையவே இல்ல.”

அம்மா முந்தானை நுனியைத் திருகினாள். “நீ மத்தியானம் அசந்து தூங்கறப்போ… பாதத்துல ஒரே ஒரு விரல் வெப்பேன் கண்ணு. வெச்ச ஒடனே எடுத்துருவேன். பெத்தவளுக்கு அதுகூடவா கூடாது?”

மாதம் ஒருமுறை என் பாதத்தில் வரும் தடிப்புக்கு நான் செருப்பை மாற்றிக்கொண்டிருந்தேன்.

“பாட்டி, அப்பா பாத்தா உன்னை மேலயே ஏத்த மாட்டாரு” என்றாள் மகதி. தரையில் படுத்து வரைந்துகொண்டிருந்தாள்.

“ஏன்? உங்கப்பன் என்ன போலீசா?”

“அவரு படியைக்கூடத் தொட மாட்டாரு. படிக்கிட்ட முடி விழுந்துருமுன்னு மொட்டை மாதிரி வெட்டிக்குவாரு. வியாழக்கெழமையிலிருந்து என்னைத் தூக்க மாட்டாரு.”

“வியாழக்கிழமையிலிருந்தா?” என்று கேட்டேன். “வெள்ளி ராத்திரியிலிருந்துன்னுதான நான் சொன்னேன்?”

“ஒரு நாள் சேத்தி இருக்கட்டும்னு சொல்வாரு. நோட்டுல டிக் அடிப்பாரு. வெள்ளிக்கெழமை நான் கீழ விழுந்து முட்டி பேந்துச்சில்ல? அன்னிக்குக்கூட தூக்கல. பாட்டியைக் கூப்புட்டாரு. அவரு வாசல்ல போயி நின்னுக்கிட்டாரு.” கலர் பென்சிலை மாற்றினாள். “அழுதாரு. நான் பாத்தேன். வாரத்துல மூணே நாள்தாம்மா என்னைத் தூக்குவாரு.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் எழுந்து ஜன்னலருகே போனேன். நினைவு தானாகப் போவதில்லை. தீனி அடியோடு நின்றால்தான் அது சாகும்; யாராவது போட்டுக்கொண்டே இருந்தால் சாகாது. மாதத்துக்கு ஒரு விரல் போதும். தங்கை தீபாவளிக்கு அனுப்பும் புடவை போதும். ஏழு வருடத்தில் அவரிடமிருந்து ஒரு முடி, ஒரு நூல், மகதியின் கன்னத்தில் ஒட்டி வரும் ஒரு துளிகூட மேலே வரவில்லை. என் கையில் இருந்த அந்தப் பூஜ்ஜியத்தை ஒரு மனிதர் வியாழன் வெள்ளியாக உட்கார்ந்து செய்திருக்கிறார்.

எனக்கு அப்போது பெரிதாக எதுவும் பொங்கவில்லை. மார்பில் எங்கோ ஊசி குத்துவது போல இருந்தது; மரத்த கால் திரும்பும்போது குத்துமே, அதுபோல.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு முன்பே நான் பால்கனிக்கு வந்தேன். அவர் கீழே, கேட்டுக்குப் பக்கத்தில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பால்கனியில் நிற்கும்போது அவர் கேட்டோரமாகத்தான் நிற்க வேண்டும்; அதுதான் எங்களுக்கு விதித்த தூரம். அத்தை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப்புறம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் போன் செய்தேன். அவர் கையைத் துடைத்துவிட்டு எடுத்தார்; நிமிர்ந்து பார்த்தார்.

“ஏனுங்க, இந்த வருச ரிசல்ட்டைச் சொல்லணும்.”

“மூணு தடவ எடுத்தீங்களே. கூடிருச்சா?”

“இல்ல. உங்களுக்குப் பூஜ்ஜியம்.”

கையிலிருந்த துணியைப் பைக் சீட்டின்மேல் வைத்தார்.

“பூஜ்ஜியம்னா?”

“வீங்கவே இல்ல. உடம்பு மறந்திருக்கலாம். இல்லீன்னா தூங்கிட்டு இருக்கலாம். தூங்கிட்டு இருந்தா, தொட்டா முழிச்சுக்கும். முன்னையவிட மோசமாக்கூட ஆகலாம். தொட்டுப் பாத்தாத்தான் தெரியும். மருந்து, ஆக்சிஜன் எல்லாம் நிலையத்துல தயாரா இருக்கும். ஜெசிந்தாவும் ஒரு டாக்டரும் பக்கத்துலயே இருப்பாங்க. திங்கக்கெழமை வேணும்னாலும்…”

என் குரல் தொலைபேசியில் பவானிக்காரருக்குப் பதில் சொல்வது போலவே இருந்தது. பைக் சீட்டிலிருந்த துணியை அவர் ஒரு கையால் மடித்துக்கொண்டே இருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் வாயில் வந்தது பழைய வாக்கியம்தான்.

“உங்களுக்கு வேண்டாம்னாலும் சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.”

“இதான்” என்றார்.

“எது?”

“இந்த ‘ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.’ பொறந்த பொண்ணைப் பாக்க முடியாம டீக்கடையில நின்னப்பவும் இதத்தான் சொன்ன. ஆம்புலன்சுல போயி, தொண்டை தெறந்ததும் போன் பண்ணுனப்பவும் இதத்தான் சொன்ன. ஏழு வருசத்துல என்கிட்ட ஒரு தடவகூட நீ குரலை ஒசத்தல, பைரவி. பம்புக்கு வாரண்டி கேக்கறவங்ககூட என்னை அதைவிட மேலாத் திட்டறாங்க.”

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் ஒண்ணு கேக்கணும்” என்றார்.

“கேளுங்க.”

மூச்சு மட்டும் கேட்டது. இப்போது ‘ஒண்ணுமில்ல’ என்பார் என்று காத்திருந்தேன். பெருந்துறைப் பெண்ணின் முகம் ஒருமுறை வந்து போனது. எனக்குப் பயம் வந்தது. அது பயம் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். அணைத்து, சட்டைப் பையில் போட்டார். கேட்டை விட்டு இரண்டு அடி முன்னால் வந்தார். ஏழு வருடத்தில் நான் நிற்கும்போது அந்தத் தூரத்தை அவர் தாண்டியது அதுதான் முதல்முறை. அத்தை கீரையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். பக்கத்து வீட்டில் தண்ணீர் விடும் சத்தம் நின்றது. போன் இல்லாமல் அவர் குரல் இவ்வளவு கரகரப்பாக இருக்கும் என்பதை நான் மறந்தேபோயிருந்தேன்.

“அந்த ஊசியைப் போட்டுக்கச் சொன்னது நானு. எலிக்கா மனுசனுக்கான்னு கேட்டுட்டு, தெரிஞ்சே போட்டுக்கச் சொன்னது நானு” என்று அண்ணாந்து கத்தினார். “தொடறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல என்னை ஒரே ஒரு தடவ வாய்விட்டுத் திட்டிரு, அம்மிணி!”